மேத்யூ ஃபோன்டெய்ன் மோரி: கடல் வழிகளை வரைந்தவரை இன்று எப்படிப் பார்ப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கடற்படை அதிகாரி மேத்யூ ஃபோன்டெய்ன் மோரியைப் பற்றி இரண்டு விதமான எழுத்துகள்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. ஒன்றில் அவர் கடலியலின் தந்தை, மாலுமிகளுக்கு வழிகாட்டிய மேதை. இன்னொன்றில் அவர் அடிமைமுறையைக் காக்க எழுந்த தென் மாநிலக் கூட்டமைப்பின் ஆள், சிலை இறக்கப்பட வேண்டியவர். இரண்டையும் படித்தவர்களில் பலர், விஞ்ஞானி மோரி வேறு, அரசியல் மோரி வேறு என்று மனதுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் கோடு ஒப்பவில்லை. அவருடைய நீரோட்ட அறிவும் அடிமைமுறை அரசியலும் ஒரே மேசையில் உருவானவை. அதற்கான ஆதாரம் அவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது. அவர் பெயர் வரும்போதெல்லாம் கிளம்பும் கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

மோரி யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1806இல் வர்ஜீனியாவில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் டென்னசிக்குக் குடிபெயர்ந்தது. அண்ணன் ஜான் கடற்படையில் இருந்து மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனதால், இன்னொரு மகனும் கடலுக்குப் போவதில் தந்தைக்கு விருப்பமில்லை. ஆனாலும் 1825இல், 19 வயதில், மோரி கடற்படையில் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்துவிட்டார். உலகைச் சுற்றிவந்த முதல் அமெரிக்கப் போர்க்கப்பலான வின்சென்ஸில் பயணம் செய்தார். 1836இல் கப்பலோட்டும் கணக்கு பற்றி ஒரு பாடநூல் எழுதினார். 1842இலிருந்து 1861 வரை வாஷிங்டனில் கடற்படையின் வரைபடக் கிடங்குக்கும், அதிலிருந்து வளர்ந்த கடற்படை வானாய்வகத்துக்கும் தலைவராக இருந்தார். உள்நாட்டுப் போர் வந்ததும் பதவியை விட்டுவிட்டுத் தென் மாநிலங்களின் பக்கம் போனார். 1873இல் வர்ஜீனியாவின் லெக்சிங்டனில் இறந்தார்.

கடலில் இருந்த அதிகாரி மேசைக்கு எப்படி வந்தார்?

ஒரு விபத்து. 1839இல் ஒஹையோவில் அவர் போன குதிரை வண்டி கவிழ்ந்து வலது கால் முறிந்தது. பிறகு அந்தக் கால் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. கப்பலில் வேலை பார்க்க முடியாது என்று ஆனதும், கடற்படையின் சீர்கேடுகளைப் பற்றிப் புனைபெயரில் காரசாரமாக எழுத ஆரம்பித்தார். அந்தக் கட்டுரைகள் பேசப்பட்டன. 1842இல் வரைபடக் கிடங்கின் பொறுப்பு அவருக்கு வந்தது.

அங்கே பழைய போர்க்கப்பல்களின் லாக் புத்தகங்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. பயணம் முடிந்ததும் கப்பல்கள் கொடுத்துவிட்டுப் போன தினசரிப் பதிவேடுகள் அவை. எந்த நாளில், எந்த இடத்தில், எந்தத் திசைக் காற்று, எவ்வளவு நீரோட்டம் என்று மாலுமிகள் எழுதிவைத்த விவரம் அதில் இருந்தது. அதைப் பழைய காகிதமாகப் பார்க்காமல், கடலைப் பற்றிய தகவல் களஞ்சியமாகப் பார்த்ததுதான் மோரியின் பெரிய தாவல்.

பைபிளில் 'கடல் மார்க்கங்கள்' என்று படித்துத்தான் அவர் நீரோட்டங்களைக் கண்டுபிடித்தாராமே?

நம் ஊர்ப் பிரசங்கங்களிலும் வாட்ஸ்அப்பிலும் இந்தக் கதை நன்றாகவே உலவுகிறது. மோரி ஆழ்ந்த இறைநம்பிக்கை உள்ளவர் என்பது உண்மை. அந்தச் சொல் வரும் பைபிளின் 8ஆம் சங்கீத வரி அவருக்கு மிகவும் பிடித்தது, தன் புத்தகத்திலும் வேத வசனங்களைத் தாராளமாகச் சேர்த்தார். ஆனால் மெக்சிகோ வளைகுடாப் பக்கமிருந்து வட அட்லாண்டிக்குக்குள் பாயும் வளைகுடா நீரோட்டத்தை அவருக்கு முன்பே மாலுமிகள் அறிந்திருந்தார்கள், பெஞ்சமின் பிராங்க்ளின் அதற்கு வரைபடமே அச்சிட்டிருந்தார். மோரியின் வேலைக்கு அடிப்படை அந்த லாக் கட்டுகளும், அவற்றைப் பெயர்த்தெழுதிய ஆட்களின் உழைப்பும்.

அவருடைய வரைபடத்தில் அப்படி என்ன புதுமை?

அதுவரை கடல் வரைபடம் என்றால் கரை, பாறை, ஆழம். நடுக்கடல் பெரும்பாலும் வெறும் வெள்ளைத் தாள்தான். மோரி அந்த வெள்ளையை நிரப்பினார். 1847இல் வட அட்லாண்டிக்குக்கான முதல் காற்று, நீரோட்ட வரைபடம் வெளிவந்தது. பிறகு தென் அட்லாண்டிக், பசிபிக், இந்தியப் பெருங்கடல் என்று விரிந்தது.

ஒரு தாளை எடுத்துப் பார்த்தால் முதலில் கண் கூசும். ஒவ்வொரு கப்பலும் போன தடம் தனித்தனிக் கோடாக, கப்பலின் பெயரோடும் ஆண்டோடும் ஓடும். கோட்டின் மேல் சின்னச் சின்னத் தூரிகை போன்ற குறிகள், காற்று எந்தப் பக்கமிருந்து எவ்வளவு பலமாக வீசியது என்பதைக் காட்டும். திசைகாட்டி முள்ளின் விலக்கத்துக்கு ரோமன் எண்கள், நீரோட்டத்துக்கு அம்புகள். இது ஒரு வகை. இன்னொரு வகையில் கடலை 5 பாகைச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்திலும் எந்த மாதம் எந்தத் திசைக் காற்று எத்தனை தடவை பதிவாகியிருக்கிறது என்று எண்ணிப் போட்டிருப்பார். ஒரு கேப்டன் ஜூலை மாதம் ஒரு சதுரத்துக்குள் நுழையப் போகிறார் என்றால், அங்கே என்ன காற்றை எதிர்பார்க்கலாம் என்பதை முந்தைய கேப்டன்களின் அனுபவமே சொல்லிவிடும். வெப்பநிலைக்கு ஒரு வரிசை, புயல் மழைக்கு ஒன்று, திமிங்கில வேட்டைக்காரர்களுக்காக எந்தத் திமிங்கிலம் எங்கே தென்பட்டது என்று ஒன்று.

அவர் போட்ட ஒப்பந்தத்தை இன்னும் பெரிய கெட்டிக்காரத்தனம் என்பேன். வரைபடம் இலவசம். பதிலுக்குக் கேப்டன் ஒரு அச்சடித்த படிவத்தை நிரப்பித் தர வேண்டும். தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை, நீரோட்டம், காற்றழுத்தம் காட்டும் பாரமானி, காற்றின் வெப்பம், நீரின் வெப்பம், நாளின் முதல் பகுதியில் காற்று, நடுப் பகுதியில் காற்று, கடைசிப் பகுதியில் காற்று, குறிப்புகள். கப்பல் ஓட ஓட வரைபடம் திருந்திக்கொண்டே வரும். கூட்டுழைப்பால் தரவு சேர்ப்பது பற்றி இன்று பேசுகிறவர்கள் இந்தப் படிவத்தை ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

நடைமுறையில் பலன் இருந்ததா?

நன்றாகவே இருந்தது. அமெரிக்காவிலிருந்து பிரேசிலின் ரியோவுக்குப் போகும் கப்பல்கள் நேரே தெற்கே போகப் பயந்தன. பிரேசிலின் மூக்கு போல் நீட்டிக்கொண்டிருக்கும் சான் ரோக் முனையருகே நீரோட்டம் மேற்கே இழுத்துவிடும், முனையைத் தாண்ட முடியாது என்பது பரம்பரை நம்பிக்கை. அதனால் ஆப்பிரிக்கா பக்கம் வெகுதூரம் ஒதுங்கிச் சுற்றிப் போனார்கள். மோரி லாக்குகளை எண்ணிப் பார்த்து, அந்த நீரோட்டம் அவ்வளவு ஆபத்தானதல்ல, நேராகவே போங்கள் என்றார். 1848இல் பால்டிமோரிலிருந்து கிளம்பிய ரைட் என்ற கப்பலின் கேப்டன் ஜாக்சன் அதை நம்பிப் போனார். வழக்கமாக 55 நாள் பிடிக்கும் ரியோ பயணம் 38 நாளில் முடிந்தது. அதன் பிறகு கேப்டன்கள் தாங்களாகவே படிவம் கேட்டு வர ஆரம்பித்தார்கள்.

கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்த காலம் அது. நியூயார்க்கிலிருந்து தென் அமெரிக்காவைச் சுற்றி சான்பிரான்சிஸ்கோ போக ஆறு மாதம் ஆகும். மோரியின் வழிகளைப் பின்பற்றிய கப்பல்கள் அதைச் சராசரியாக நாலரை மாத அளவுக்குக் கொண்டுவந்தன. 1851இல் ஃப்ளையிங் கிளவுட் கப்பல் 89 நாள் சொச்சத்தில் போய்ச் சேர்ந்து எல்லோரையும் வாய்பிளக்க வைத்தது. அதற்கு வழி கணித்தவர் கேப்டனின் மனைவி எலனோர் கிரீசி. மோரியின் வரைபடத்தைக் கையில் வைத்திருந்தார் என்பதோடு, அதை எங்கே நம்பலாம் என்ற தீர்மானமும் அவருடையதுதான். பாராட்டு முழுவதும் மோரிக்கே போய்விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

'கடலியலின் தந்தை' என்பது சரியா?

தகவல் சேகரிப்பவராக அவர் அசகாயசூரர். கோட்பாட்டாளராக அவ்வளவு சொல்ல முடியாது. 1855இல் வெளிவந்த அவருடைய கடலின் இயற்பியல் புவியியல் நூல், 'கடலுக்குள் ஒரு நதி ஓடுகிறது' என்று வளைகுடா நீரோட்டத்தைச் சொல்லித் தொடங்கும். அழகான நடை, பல பதிப்புகள் கண்டது. ஆனால் அந்த நதி ஏன் ஓடுகிறது என்பதற்கு அவர் தந்த விளக்கம் நிற்கவில்லை. நீரின் உப்பும் அடர்த்தியும்தான் முக்கியக் காரணம் என்றார், காற்றின் பங்கை ஒதுக்கினார். இங்கிலாந்தின் விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் போன்றவர்கள் அதை ஏற்கவில்லை. காற்று மண்டலங்கள் நிலநடுக்கோட்டருகே ஒன்றை ஒன்று ஊடுருவிக் கடந்து போவதாகவும் அவர் எழுதினார், அதுவும் தவறு.

இதில் ஒரு நல்ல விளைவும் உண்டு. டென்னசியின் நாஷ்வில்லில் பள்ளி நடத்திக்கொண்டிருந்த வில்லியம் ஃபெரல், மோரியின் நூலைப் படித்துத் திருப்தியில்லாமல் 1856இல் ஒரு மருத்துவ இதழில் தன் கட்டுரையை வெளியிட்டார். பூமி சுழல்வதால் காற்றும் நீரும் எப்படி விலகி ஓடுகின்றன என்பதை ஒழுங்காகச் சொன்ன முக்கியமான கட்டுரை அது. மோரி தப்பாகச் சொன்னதுதான் ஃபெரலை எழுத வைத்தது.

வட துருவத்தைச் சுற்றி உறையாத கடல் இருக்கிறது என்ற நம்பிக்கையிலும் மோரி பிடிவாதமாக இருந்தார். அட்லாண்டிக்கில் எறிந்த ஈட்டி பசிபிக் பக்கம் பிடிபட்ட திமிங்கிலத்தின் உடம்பில் கிடைத்தது, ஆகவே அது துருவத்தின் வழியாகத்தான் நீந்தியிருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன சான்றுகளில் ஒன்று. கேட்கச் சுவையான வாதம்தான், ஆனால் திமிங்கிலம் போன வழியில் திறந்த கடல் முழுக்க இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. அந்த நம்பிக்கையைத் தூக்கிக்கொண்டு வடக்கே போனவர்கள் பனிக்கட்டியில் சிக்கிப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஸ்மித்சோனியன் அறிவியல் நிறுவனத்தின் செயலர் ஜோசப் ஹென்றியும், கரையோர நில அளவைத் துறையின் தலைவர் அலெக்சாண்டர் பேச் என்பவரும் அவரை விஞ்ஞானியாகவே மதிக்கவில்லை. அதில் அதிகாரப் போட்டியும் கலந்திருந்தது. மோரி போன பிறகு 1864இல், புதிதாகத் தொடங்கிய தேசிய அறிவியல் கழகம் அவருடைய வரைபடங்களை அச்சிடுவதையே நிறுத்தச் சொன்னது. தாள் விரயம், திரும்பத் திரும்ப ஒரே விஷயம் என்ற புகாரில் உண்மை இருந்தது. எதிரி முகாமுக்குப் போனவர் மீதிருந்த கசப்பும் அதில் கலந்திருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பின்னாளில் அமெரிக்கா மீண்டும் மாலுமிகளுக்கான மாதாந்தர வரைபடங்களை வெளியிட்டபோது, இவை மோரியின் ஆராய்ச்சியை அடிப்படையாகக் கொண்டவை என்ற வரியை நெடுங்காலம் அதில் அச்சிட்டார்கள்.

கடலடியைப் பற்றியும் அவர் வேலை செய்தாரா?

செய்தார். அவருக்குக் கீழே இருந்த இளம் அதிகாரி ஜான் மெர்சர் புரூக் ஒரு எளிய கருவி செய்தார். துளையிட்ட பீரங்கிக் குண்டின் நடுவே ஒரு கம்பி. அடியைத் தொட்டதும் குண்டு கழன்றுவிடும், கம்பி மட்டும் நுனியில் ஒட்டிய சேற்றோடு மேலே வரும். அதுவரை ஆழ்கடலின் அடித்தரையை யாரும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை என்றே சொல்லலாம். அந்தச் சேற்றை நுண்ணோக்கியில் பார்த்த ஜேக்கப் பெய்லி, அது முழுக்க நுண்ணுயிர்களின் ஓடுகள் என்றார். மெல்லிய ஓடுகள் உடையாமல் கிடக்கின்றன என்றால் கீழே தண்ணீர் அலைக்கழிப்பதில்லை, அங்கே தந்திக் கம்பி போட்டால் தேயாமல் கிடக்கும் என்று மோரி முடிவு கட்டினார். 1858இல் அட்லாண்டிக்கின் குறுக்கே முதல் தந்திக் கம்பி போனபோது அந்த முடிவுக்கும் அதில் பங்கிருந்தது. மிகச் சொற்பமான ஆழ அளவுகளை வைத்து 1854இல் அவர் வெளியிட்ட வட அட்லாண்டிக் அடித்தரை வரைபடத்தில், நடுக்கடலில் தரை மேடிட்டிருப்பது மங்கலாகத் தெரியும். இது பின்னால் வரும் ஒரு கேள்விக்குத் தேவைப்படும்.

1853 பிரஸ்ஸல்ஸ் மாநாட்டில் அவர் பங்கு என்ன?

எல்லா நாட்டுக் கப்பல்களும் ஒரே மாதிரி வானிலைப் பதிவு வைக்க வேண்டும் என்று வற்புறுத்தி அதைக் கூட்டியவர்களில் முதன்மையானவர். 10 நாடுகள் வந்தன. இன்றைய உலக வானிலை அமைப்பு தன் முன்வரலாற்றைச் சொல்லும்போது இந்த மாநாட்டைத் தொட்டுத்தான் சொல்லும்.

அடிமைமுறைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு? தென் மாநிலத்தில் பிறந்தார் என்பது மட்டும்தானே?

அதற்கு மேல் நிறைய இருக்கிறது. 'நல்ல விஞ்ஞானி, கெட்ட காலத்தில் மாட்டிக்கொண்டார்' என்று எழுதுபவர்கள் தாண்டிப் போகும் பகுதியும் இதுதான்.

1850 வாக்கில் அமெரிக்காவில் பெரிய சண்டை, புதிய பகுதிகளில் அடிமைமுறையை அனுமதிப்பதா என்பது. தென் மாநிலங்களில் அடிமைப்பட்ட கறுப்பின மக்களின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகிறது, வெள்ளையருக்கு ஆபத்து என்ற பயம் மோரிக்கு இருந்தது. விடுதலை செய்வது அவருக்கு ஏற்கக்கூடிய தீர்வாக இல்லை. அவர் கண்டுபிடித்த தீர்வு அமேசான். தென் மாநில முதலாளிகள் தங்கள் அடிமைகளோடு அமேசான் படுகைக்குக் குடியேறட்டும், அங்கே பருத்தியும் கரும்பும் விளைவிக்கட்டும், பிரேசிலில் அடிமைமுறை ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக யாரையும் அடிமையாக்கவில்லை, இடம்தானே மாறுகிறது என்பது அவருடைய வாதம்.

இதற்கு அவர் சொன்ன அறிவியல் காரணத்தைக் கவனித்துப் பாருங்கள். அமேசான் முகத்துவாரத்தில் ஒரு மரக்கட்டையைப் போட்டால், நீரோட்டம் அதைக் கரீபியன் கடல் வழியாக இழுத்து, மெக்சிகோ வளைகுடாவின் வாசலுக்குக் கொண்டுவந்து, ஃபுளோரிடா நீரிணை வழியாக வெளியே தள்ளும். மிசிசிப்பியில் போட்ட கட்டையும் அதே நீரிணைக்குத்தான் வரும். ஆகவே இயற்கையே அமேசானை மிசிசிப்பியின் நீட்சியாக வைத்திருக்கிறது, அதன் வணிகம் நமக்கு உரியது என்றார். ரியோ போகும் கேப்டன்களுக்கு 17 நாளை மிச்சப்படுத்திய அதே வகையான நீரோட்டக் கணக்குதான் இது. விஞ்ஞானி மோரியையும் அரசியல் மோரியையும் பிரிக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

வெறும் பேச்சோடு நிற்கவும் இல்லை. 1851இல் கடற்படையின் செலவில் லெப்டினன்ட் வில்லியம் லூயிஸ் ஹெர்ண்டன் (மோரியின் மைத்துனர்), லார்ட்னர் கிப்பன் என்ற இருவர் லிமாவிலிருந்து ஆண்டீஸ் மலையைத் தாண்டி அமேசானை ஆராயப் போனார்கள். திட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் மோரி. அமேசானை வெளிநாட்டுக் கப்பல்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று 'இன்கா' என்ற புனைபெயரில் பத்திரிகைகளில் எழுதினார், 1853இல் தனி நூலாகவும் வெளியிட்டார். மெக்சிகோவிடமிருந்து பாதி நாட்டை அமெரிக்கா பிடுங்கி ஐந்தாண்டுகள்கூட ஆகவில்லை, பிரேசில் அரசு உஷாராகிவிட்டது. 1860களின் பிற்பகுதியில்தான் நதியைத் திறந்தது. போரில் தோற்ற தென் மாநிலத்தவர் சிலர் அப்போது அமேசான் கரையிலுள்ள சாந்தரேமில் போய்க் குடியேறினார்கள். பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்தது 1888இல்.

1861இல் அவர் பதவி விலகியது சொந்த மாநிலத்தின் மீதிருந்த பாசத்தால் தானே?

அவரே அப்படித்தான் சொன்னார். போர் வேண்டாம் என்று பல மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதியதும் உண்மை. ஆனால் வர்ஜீனியா பிரிந்ததும் 1861 ஏப்ரல் 20 அன்று, 36 ஆண்டுகள் சம்பளம் தந்த கடற்படையை விட்டுவிட்டு வர்ஜீனியாவின் தலைநகர் ரிச்மண்டுக்குப் போனார்.

வேறு வழியில்லை என்று சொல்ல முடியாது. மோரி வளர்ந்த அதே டென்னசியில் பிறந்து, வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் வீடு வைத்திருந்த கடற்படை அதிகாரி டேவிட் ஃபாரகட், அதே ஏப்ரல் மாதத்தில் குடும்பத்தை அழைத்துக்கொண்டு வடக்கே போய்விட்டார், அமெரிக்கக் கடற்படையிலேயே நீடித்தார். மோரிக்கு மூன்றாவது வழியும் இருந்தது. ரஷ்யாவின் கிராண்ட் டியூக் கான்ஸ்டன்டின், இங்கே வந்து உங்கள் ஆராய்ச்சியைத் தொடருங்கள் என்று அழைத்தார். மரியாதையோடு மறுத்துவிட்டார்.

நீர்க்கண்ணிகளைக் கண்டுபிடித்தவர் அவரா?

நீர்க்கண்ணி என்பது கப்பலைத் தகர்க்கத் தண்ணீருக்குள் வைக்கும் வெடி. அவருக்கு முன்பே சிலர் முயன்றிருக்கிறார்கள். கரையிலிருந்து மின்கம்பி வழியாக வெடிக்கவைக்கும் கண்ணியைப் போர்க்களத்துக்குக் கொண்டுவந்ததில் அவருக்கு முக்கியப் பங்கு. ரிச்மண்டில் உறவினர் வீட்டில் ஒரு தொட்டித் தண்ணீரில் சோதனையைத் தொடங்கினார். 1862இல் அவர் இங்கிலாந்து போனதும், உதவியாளர் ஹண்டர் டேவிட்சன் வேலையைத் தொடர்ந்தார். 1864 மே மாதம் ஜேம்ஸ் நதியில் கமடோர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கக் கப்பல் இப்படி ஒரு மின்கண்ணியில் சிதறிப் பல மாலுமிகள் மாண்டார்கள். இங்கிலாந்தில் மோரி, தென் கூட்டமைப்புக்காகக் கப்பல் வாங்கும் வேலையைப் பார்த்தார். அப்படி வாங்கிய ஜார்ஜியா, அமெரிக்க வணிகக் கப்பல்களை வேட்டையாடியது. 1850களில் அவருக்குப் படிவம் நிரப்பித் தந்த வணிகக் கப்பல் கூட்டம் அது.

போர் முடிந்த பிறகு மனம் மாறினாரா?

மாநிலப் பாசம்தான் காரணம் என்ற வாதம் இங்கேதான் அடிபட்டுப் போகிறது. 1865இல் போர் முடிந்துவிட்டது, வர்ஜீனியா அவரை எதற்கும் அழைக்கவில்லை. அவர் மெக்சிகோவுக்குப் போய், பிரெஞ்சுப் படை தயவில் பேரரசராக அமர்ந்திருந்த மாக்சிமிலியனிடம் குடியேற்ற ஆணையராகச் சேர்ந்தார். தென் மாநில வெள்ளையரை அங்கே கொண்டுவந்து 'புதிய வர்ஜீனியா' அமைப்பது திட்டம். அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த ஆணையின்படி, குடியேறுபவர்கள் கறுப்பினத் தொழிலாளர்களைப் பல ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டு அழைத்துவரலாம். ஓடிப்போனால் பிடித்துவந்து ஒப்படைப்பார்கள். பெயர் மட்டும்தான் அடிமைமுறை இல்லை. தென் படைத் தளபதி ராபர்ட் லீகூட, சொந்த மாநிலத்தை விட்டு வரமாட்டேன் என்று மோரிக்கு எழுதிவிட்டார். திட்டம் சீக்கிரமே படுத்துவிட்டது. பிறகு இங்கிலாந்தில் சில காலம், 1868இல் வர்ஜீனியா திரும்பி அங்குள்ள ராணுவக் கல்லூரியில் பேராசிரியர். அவர் மெக்சிகோவுக்குச் சின்கோனா மரத்தைக் கொண்டுவர முயன்றதையும் சொல்ல வேண்டும். மலேரியாவுக்கு மருந்து தந்த மரம் அது.

அந்தக் காலத்து மனிதரை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா?

அந்தக் காலத்து அளவுகோலாலேயே அளக்கலாமே. யாருடைய அளவுகோல் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மோரி நம்பவைத்த ரைட் கப்பல் கிளம்பிய பால்டிமோர் துறைமுகத்தில்தான் ஃபிரெடரிக் டக்ளஸ் அடிமையாக இருந்து, கப்பல் பலகைகளின் இடுக்கு அடைக்கும் வேலை பார்த்தார். 1838இல் மாலுமி உடை போட்டுக்கொண்டு, விடுதலை பெற்ற ஒரு கறுப்பின மாலுமியின் அடையாளச் சீட்டை இரவல் வாங்கித் தப்பித்து வடக்கே போனார். அதன் பிறகு நாடெங்கும் மேடையேறிப் பேசினார், எழுதினார். மோரி வாஷிங்டனில் அமர்ந்து அமேசான் கட்டுரைகளை எழுதியபோது டக்ளஸின் குரல் ஊரறிந்த குரல். 1862 மே மாதம் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் அடிமையாக இருந்த ராபர்ட் ஸ்மால்ஸ், தான் வழிசெலுத்திய பிளான்டர் என்ற தென் படைக் கப்பலையே விடியற்காலையில் ஓட்டிக்கொண்டு போய் அமெரிக்கக் கடற்படையிடம் ஒப்படைத்தார், குடும்பத்தையும் மீட்டுக்கொண்டு. இவர்களும் அந்தக் காலத்து மனிதர்கள்தான், கடலை அறிந்தவர்கள்தான். 'அந்தக் காலம்' என்று சொல்லும்போது நம் மனதில் வெள்ளை அதிகாரிகள் மட்டும் வந்து நிற்பதுதான் சிக்கல்.

ரிச்மண்டில் இருந்த சிலையை ஏன் எடுத்தார்கள்?

மான்யுமென்ட் அவென்யூவில் 1929இல் வைத்த சிலை அது. மோரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், தலைக்கு மேலே பெரிய பூமி உருண்டை, அதைச் சுற்றிப் புயலில் தத்தளிக்கும் மனிதர்களும் மாடுகளும். சிற்பி ஃபிரெடரிக் வில்லியம் சீவர்ஸ். கையில் வாள் இல்லை, பீடத்தில் போர்க் காட்சியும் இல்லை. அதனால் இது அறிவியலுக்கு வைத்த சிலை, இதை விட்டுவைத்திருக்கலாம் என்று வாதிட்டவர்கள் உண்டு.

இடத்தைப் பார்த்தால் பதில் கிடைக்கும். அந்தத் தெருவில் வரிசையாக நின்றவர்கள் லீ, ஸ்டூவர்ட், ஜெஃபர்சன் டேவிஸ், ஜாக்சன். தென் கூட்டமைப்பின் தளபதிகளும் தலைவரும். அடிமைச் சந்தைக்குப் பெயர்போன நகரத்தில், கறுப்பின மக்களின் வாக்குரிமையைச் சட்டம் போட்டுப் பறித்து வைத்திருந்த காலத்தில், தோற்ற போருக்குப் பெருமை சேர்க்க அமைத்த தெரு அது. மோரியை அந்த வரிசையில் சேர்த்தவர்களே அவரைத் தங்கள் ஆளாகத்தான் பார்த்தார்கள். 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலர் கையில் கொல்லப்பட்ட பிறகு எழுந்த போராட்டங்களின்போது, ஜூலை 2 அன்று மேயர் லெவார் ஸ்டோனியின் உத்தரவில் சிலை இறக்கப்பட்டது. அதை நான் சரியென்றே நினைக்கிறேன். பின்னர் அது உட்பட அந்தத் தெருச் சிலைகள் வர்ஜீனியாவின் கறுப்பின வரலாற்று அருங்காட்சியகத்தின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டன.

கப்பல் பெயரையும் மாற்றினார்களாமே?

2023இல். தென் கூட்டமைப்பைப் போற்றும் பெயர்களை ராணுவ உடைமைகளிலிருந்து நீக்க அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு ஆணையம் அமைத்திருந்தது. அதன் பரிந்துரைப்படி கடற்படைக் கல்லூரியின் மோரி ஹால், அங்கே படித்த முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் பெயருக்கு மாறியது. கடல் ஆய்வுக் கப்பல் மோரி, மரி தார்ப் ஆனது.

இந்தத் தேர்வு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மரி தார்ப் 1950களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒலியை அனுப்பி அது திரும்பும் நேரத்தால் ஆழம் அளக்கும் எதிரொலி ஆழமானியின் தரவுகளை வைத்துக் கடலடி வரைபடம் தீட்டியவர். பெண் என்பதால் அப்போது அவரை ஆய்வுக் கப்பலில் ஏற்றவில்லை. மற்றவர்கள் கொண்டுவந்த எண்களை மேசையில் உட்கார்ந்து வரைந்தபோது, நடு அட்லாண்டிக் மலைத்தொடரின் உச்சியில் நீளவாக்கில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு ஓடுவதைக் கண்டார். கூட வேலை செய்த புரூஸ் ஹீசன் முதலில் அதை 'பெண்கள் பேச்சு' என்று ஒதுக்கினார். கண்டங்கள் நகர்கின்றன என்ற கருத்து நிலைபெற உதவிய சான்றுகளில் அந்தப் பள்ளத்தாக்கும் ஒன்று. 1854இல் மோரியின் தாளில் மங்கலாகத் தெரிந்த மேடு, இவர் கையில்தான் உண்மையான மலைத்தொடராகத் துலங்கியது.

பெயரை எடுப்பது வரலாற்றை அழிப்பது ஆகாதா?

மோரியின் உண்மையான வரலாறு வெண்கலத்தில் இருந்ததில்லை, அந்தப் படிவங்களில் இருக்கிறது. அவர் சேர்த்த லாக் பதிவுகளை அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து கணினிக்கு மாற்றின. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். தொழிற்புரட்சியின் தொடக்க காலத்தில் கடலின் வெப்பமும் காற்றழுத்தமும் எப்படி இருந்தன என்று தேடும் காலநிலை ஆய்வாளர்கள் இன்று அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். ஆய்வுத் தரவில் அந்தத் தொகுப்புக்கு இன்னும் அவர் பெயர்தான், அதை மாற்றச் சொல்லி நானும் கேட்கமாட்டேன்.

மாணவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்வதென்றால் எப்படிச் சொல்லலாம்?

ரியோ பயணத்தையும் அமேசான் திட்டத்தையும் ஒரே வகுப்பில், ஒரே வரைபடத்தை விரித்துவைத்துச் சொல்லுங்கள். முதலில் அமேசான் முகத்துவாரத்திலிருந்து ஃபுளோரிடா வரை நீரோட்டத்தை மாணவர்கள் விரலால் தொட்டுப் போகட்டும். பிறகு, அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு மோரி என்ன முடிவுக்கு வந்தார், அந்த முடிவில் யாரிடம் சம்மதம் கேட்கவில்லை என்று கேளுங்கள். அமேசான் கரையில் வாழ்ந்த பழங்குடிகளும், கப்பலில் ஏற்றப்படவிருந்த கறுப்பின மக்களும் அவர் கணக்கில் மனிதர்களாக வரவில்லை என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே சொல்லிவிடுவார்கள்.

அவர் பெயர் இப்போது எங்கெல்லாம் இருக்கிறது?

அவர் கடைசியாக வாழ்ந்த லெக்சிங்டனை ஒட்டி ஓடும் நதிக்கு 1945இலிருந்து மோரி நதி என்று பெயர். நிலவில் மோரி என்று ஒரு பள்ளம் உண்டு. அதை அவரோடு, அவருடைய உறவினரான வானியலாளர் அன்டோனியா மோரியும் பகிர்ந்துகொள்கிறார். நட்சத்திரங்களின் நிறமாலையை வகைப்படுத்தியவர் அன்டோனியா. அவரைப் பற்றித் தனியாகவே ஒரு கேள்வி-பதில் எழுதலாம், அவ்வளவு விஷயம் இருக்கிறது.